ஆடிக் கிருத்திகையன்று நிற்காத சர்வர்

திருத்தணி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில், ஒரு மருந்துக் கடையின் மாடியில், நானும் என் கணவரும் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தோம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. காலையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வகுப்பு. மத்தியானத்துக்கு மேல் தாலுகா ஆபீஸ் மனுக்களை டைப் அடித்துக் கொடுப்பது, பரீட்சை முடிவு பார்த்துச் சொல்வது, கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என்று எது வந்தாலும் செய்வோம்.

என் கணவர் நகரிப் பக்கம். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கொஞ்ச காலம் சென்னையில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதினார். தினமும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிட்டார். ஆனால் அந்த வேலை மேல் இருந்த ஆசை விடவில்லை. சென்டரில் கூட்டமில்லாத நேரங்களில் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பார். நான் அவரிடமும் புத்தகத்திலுமாகக் கற்றுக்கொண்டவள். திரையில் பக்கம் எப்படித் தெரிய வேண்டும், எழுத்து எந்த அளவு, பட்டன் எங்கே என்பதெல்லாம் என் பொறுப்பு. உள்ளே என்ன ஓடுகிறது என்பது அவர் பாடு. அதில் நான் தலையிட்டதில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வது கஷ்டம். பூக்காவடி தூக்கிக்கொண்டு, மஞ்சள் கட்டிக்கொண்டு, நான்கு பக்கமிருந்தும் ஜனங்கள் வந்து இறங்குவார்கள். அன்று தொலைகிற குழந்தைகளுக்குக் கணக்கு வழக்கில்லை. கடைத்தெரு வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒன்று, மலையடிவாரத்தில் சரவணப் பொய்கை பக்கம் ஒன்று, மலைமேல் ஒன்று என்று மூன்று பூத் போடுவார்கள். தனியாக அழுதுகொண்டு நிற்கும் குழந்தை கையில் கிடைத்தால் அங்கே கொண்டுவந்து உட்கார வைத்து, மைக்கில் சொல்வார்கள். "மஞ்சள் சட்டை போட்ட, மொட்டை போட்டு சந்தனம் பூசின மூணு வயசுக் குழந்தை" என்று மைக் அலறும். அன்றைக்கு ஊரிலுள்ள குழந்தைகளில் பாதிப் பேர் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மஞ்சள் சட்டையில்தான் இருப்பார்கள். செல்போன் எல்லார் கையிலும் வந்துவிட்ட காலம்தான், ஆனால் அத்தனை கூட்டத்தில் அன்று ஒரு போன் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இதற்கு ஒரு வழி செய்யலாமென்று என் கணவர்தான் கமிட்டிச் செயலாளரிடம் போய்ச் சொன்னார். செயலாளர் பாத்திரக் கடைக்காரர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"சர்வர் கிர்வர்லாம் நமக்கு இன்னாத்துக்கு சார்? அதெல்லாம் பெரிய கம்பெனில ஏசி போட்டு வச்சிருப்பாங்க."

"சர்வர்னா பெரிய மிஷின்னு நெனச்சிகினு இருக்கீங்க. அதுவும் ஒரு புரோகிராம்தாங்க" என்றார் இவர். "நான் எழுதற புரோகிராமே அதைக் கெளப்பி விடும், அதே நிறுத்தும். தனியா ஒண்ணும் வேணாம். ஒரு கம்ப்யூட்டர்ல ஓடினா போதும், மத்த ரெண்டு பூத்துலயும் அதோட பக்கத்தைத் தொறந்து பாத்துக்கலாம். மேல ஒரு கொழந்த கெடச்சா, போட்டோ எடுத்து அங்கயே ஏத்தினா, கீழ அந்த நிமிஷமே தெரியும்."

போட்டோ என்றதும் செயலாளர் முகம் தெளிந்தது. கேபிள் டிவிக்காரர் மூன்று பூத்துக்கும் வயர் இழுத்துக் கொடுக்க ஒத்துக்கொண்டார்.

இவர் எழுதிய புரோகிராமைத் திறந்தால் சின்ன ஜன்னல் ஒன்று வரும். அதில் 'தொடங்கு', 'நிறுத்து' என்று இரண்டு பட்டன். தொடங்கு என்றால் சர்வர் எழுந்து வேலைக்கு நிற்கும். நிறுத்து என்றால் கடையைக் கட்டும். ஒரு கம்ப்யூட்டருக்குள் நிறைய வாசல்கள் உண்டு, போர்ட் என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரு வாசலில் ஒரே ஒரு சர்வர்தான் நிற்க முடியும். வெளியிலிருந்து கேட்பவர்கள் அந்த வாசல் எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். சோதனை பார்த்த நாட்களில் ஒரு தொந்தரவு வந்தது. நிறுத்திவிட்டு உடனே தொடங்கினால், சில சமயம் 'வாசல் காலியில்லை' என்று பிழை காட்டிவிட்டுப் படுத்துவிடும். திருவிழா அன்று இப்படி ஆனால் என்ன செய்வது என்று இவருக்குக் கவலை. அந்த வாசல் காலியில்லையென்றால் தானாகவே அடுத்த எண்ணுக்குப் போய் நில் என்று ஒரு வரி சேர்த்தார்.

"இனிமே அடம் புடிக்காது" என்றார். எனக்கும் அது பெரிய சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

கிருத்திகையன்று முக்கியமான கம்ப்யூட்டர் எங்கள் பூத்தில், அதாவது பொய்கை பக்கத்துப் பந்தலில் இருந்தது. நான் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மலைமேல் பூத்தில் எங்கள் சென்டரில் படித்த ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். பஸ் ஸ்டாண்டில் கமிட்டிப் பையன்கள். காலையில் எல்லாம் அழகாக நடந்தது. அரோகரா சத்தத்துக்கு நடுவில் ஒரு பாட்டியும் பேரனும் சேர்ந்தார்கள். அழுதுகொண்டு வந்த ஒரு தகப்பன், திரையில் மகனின் போட்டோவைப் பார்த்துவிட்டு எங்களைக் கும்பிட்டுவிட்டு ஓடினார். என் கணவர் பந்தலுக்குள் இங்கும் அங்குமாக நடந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

வெயில் ஏறிய பிறகு, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். அங்கே சில போட்டோக்கள் வரவில்லை, வெறும் கட்டம்தான் தெரிகிறது என்றான். இவர் என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, காரணத்தைக் கண்டுபிடித்து, ஒரு வரியைத் திருத்தினார். திருத்தியது வேலைக்கு வர வேண்டுமானால் சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். நிறுத்து பட்டனை அழுத்தினார். பட்டன் மங்கிப்போய் அப்படியே நின்றது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஜன்னலின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினார். ஜன்னல் மறைந்தது. புரோகிராமை மறுபடி திறந்து தொடங்கினார். தொடங்கியது. வாசல் எண் மட்டும் ஒன்று கூடியிருந்தது.

"நம்பர் மாறிக்கிச்சு. பரவால்ல, புது நம்பர் போட்டுக்கோ" என்று என்னிடம் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்குப் புது எண்ணை எழுதி அந்தப் பையனிடம் கொடுத்தார். மலைமேலுக்கு போன் போட்டார். எப்படியோ கிடைத்தது.

"மேல எப்படிம்மா, பக்கம் தெரியுதா?"

"ஆங், நல்லா ஓடுது சார். போட்டோல்லாம் வருது."

"ஓடுதா? அப்போ எதையும் தொடாத, அப்படியே இரு."

ஓடுகிறதே என்று விட்டுவிட்டார். ஓடினால் நல்லது என்று நானும் விட்டுவிட்டேன்.

குழந்தையைத் தேடி ஒரு அம்மா வந்தது அதற்கு ரொம்ப நேரம் கழித்து. இருபத்தைந்து வயதிருக்கும். ஆந்திராவில் புத்தூர் பக்கத்திலிருந்து வந்தவள். முடியிறக்கிவிட்டுக் குளித்து வரும் வழியில் மகள் கையை விட்டுவிட்டாள். அவளுடைய தம்பி கூட இருந்தான்.

"அக்கா, மா பாப்பா கனபடலேது" என்றாள். என் குழந்தையைக் காணோம் என்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு எனக்குத் தெலுங்கு தாய்மொழி மாதிரிதான். எந்த இடத்தில், என்ன உடுப்பு, எத்தனை வயது என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். பெண் குழந்தை, மூன்று வயது, மொட்டை, மஞ்சள் பாவாடை. திரை 'இல்லை' என்றது. வேறு மாதிரி தேடினேன். இல்லை. கிடைத்த குழந்தைகள் எல்லாரையும் வரிசையாகக் காட்டினேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே வந்தாள்.

அரை மணிக்கொருதரம் வந்தாள். ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கியிருந்தது. ஒருமுறை தமிழில் கேட்டாள்.

"மேல ஒருதபா கேளுங்கக்கா. பெரிய கும்பல்ல மேல போய்ட்டிருக்கும்."

"மேல இருந்தா இதுலயே வந்துடும்மா. தனியா கேக்கவே வேணாம்" என்றேன்.

ஆனாலும் போன் போட்டுப் பார்த்தேன். லைன் கிடைக்கவில்லை. மலைக்கு ஓர் ஆளை அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் இருப்பதே யாரும் ஏறி இறங்காமல் இருக்கத்தானே.

பந்தலைச் சுற்றிச் சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "மூணு பூத்துலயும் கெடையாதாமே?" என்றார் ஒருவர். "கம்ப்யூட்டர்லயே இல்லன்னா புள்ள ஊருலயே இல்லன்னு அர்த்தம்" என்றார் இன்னொருவர். "எவனோ தூக்கிகினு பூட்டான்" என்று மூன்றாவதாக ஒரு குரல். யார் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தம்பிக்கு இருபது வயதுகூட இருக்காது, அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். "ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனா புடிக்கலாம்" என்று யாரோ சொல்ல, நாலைந்து பேர் அவனோடு ஓடினார்கள். போகப் போக அது எத்தனை பேரானது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒருவன் மூச்சு வாங்க ஓடிவந்தான். "கெடச்சிட்சும்மா! புள்ள கெடச்சிட்சு! தூக்கிகினு போனவன புடிச்சிட்டாங்க!"

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அவளைத் தனியாக விட மனமில்லாமல், கணவரை உட்கார வைத்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

பிளாட்பாரத்தில் வட்டமாகக் கூட்டம். ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் கையை விரித்து ஆட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். நடுவில், தூணில் சாய்ந்து ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டை கிழிந்து, காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வழிந்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளி, ஒரு பூக்காரம்மாவின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. மொட்டை, சந்தனம், மஞ்சள் பாவாடை. கத்திக் கத்திக் குரல் போய்விட்டிருந்தது. வாய் மட்டும் "நைனா, நைனா" என்று அசைந்தது.

பின்னால்தான் முழுவதும் தெரிந்தது. அந்த மனிதர் பள்ளிப்பட்டு பக்கத்தில் விவசாயி. மகளுக்கு வேண்டுதல் முடி இறக்க அழைத்து வந்திருந்தார். மனைவி பிரசவமாகி வீட்டில் இருந்தாள். பஸ்ஸில் ஏற முடியாத கூட்டமாக இருந்ததால், அரக்கோணத்திலிருக்கும் தங்கை வீட்டில் ராத்திரி தங்கிவிட்டுப் போகலாம் என்று ரயிலுக்கு வந்திருக்கிறார். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள், "யாரு புள்ளடா?" என்று கேட்டிருக்கிறார்கள். "என் புள்ளதான்" என்று சொல்லியிருக்கிறார். பிடுங்கியிருக்கிறார்கள். குழந்தை விழித்து, மிரண்டு, "நைனா, நைனா" என்று கத்தியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் தமிழ் பேசும் வீடுகளிலும் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிறவர்கள் நிறைய. அது அவரைத்தான் கூப்பிட்டது. ஆனால் கூட்டத்தின் காதில் வேறு மாதிரி விழுந்தது. "பாத்தியா, அவங்க நைனாவக் கேட்டு அழுவுது" என்று யாரோ சொன்னார்களாம். அதற்கப்புறம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அந்த அம்மா குழந்தையிடம் போனாள். இரண்டு கையாலும் மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு நேரம் எப்படிப் பார்த்தாள் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"இதி நா பாப்பா காது" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. பிறகு கத்தினாள். "இது என் கொழந்த இல்ல!"

தூணில் சாய்ந்திருந்த மனிதர் கண்ணைத் திறந்தார்.

"நானும் அப்பலேர்ந்து அதத்தாம்மா சொல்லிகினு இருக்கேன்" என்றார்.

கூட்டம் கரைந்த வேகம் எனக்கு ஞாபகமிருக்கிறது. போலீஸ்காரர் அந்தத் தம்பியின் கையை மட்டும் விடவில்லை. மற்றவர்கள், அடித்தவர்கள், பார்த்தவர்கள், எல்லாரும் காவடிக் கும்பலோடு கலந்துவிட்டார்கள். பூக்காரம்மா குழந்தையைக் கொண்டுபோய் அப்பா மடியில் வைத்தாள். அவர் ரத்தம் படாத கையால் அதை அணைத்துக்கொண்டார்.

நான் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகப் பந்தலுக்குக் கூட்டிவந்தேன். மறுபடி திரை முன்னால் உட்கார்ந்தேன். தேட ஒன்றுமில்லை, சும்மா பட்டியலை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குழந்தைக்கும் பக்கத்தில் எந்த பூத்தில் பதிவானது என்று இருக்கும். பொய்கை, பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டு, பொய்கை. மலைமேல் என்று காலையில் வந்தவைதான் இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

"இன்னாங்க" என்று கணவரைக் கூப்பிட்டேன். "மத்தியானத்துலேர்ந்து மலைமேல ஒரு புள்ளகூடவா காணாம போகல?"

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். என் கையிலிருந்த மவுஸை வாங்கி, மேலே முகவரியில் வாசல் எண்ணை அழித்துவிட்டுப் பழைய எண்ணை அடித்தார்.

பக்கம் வந்தது. நிறுத்திவிட்டதாக நாங்கள் நினைத்த சர்வர் பதில் சொன்னது. அதில் வேறொரு பட்டியல். மலைமேல், மலைமேல், மலைமேல். நடுவில் ஒரு போட்டோ: தொன்னையில் பொங்கலை வைத்துக்கொண்டு, வாயெல்லாம் ஒட்ட, காமிராவை முறைத்துப் பார்க்கும் ஒரு மொட்டைத் தலை.

அந்த அம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளிடமிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

போலீஸ் ஜீப்பில் அவளை மேலே கூட்டிப்போனார்கள். குழந்தை நன்றாக இருந்தது. அவள் முதல்முறை எங்களிடம் வந்து கேட்பதற்கு முன்பே, அந்தக் கல்லூரிப் பெண் போட்டோ எடுத்து, எல்லாம் சரியாக அடித்து, யாராவது கீழேயிருந்து வருவார்கள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் யாரும் வரவில்லை என்று அவளும் யோசித்திருக்கிறாள். போன் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரில்தான் ஏற்றியாகிவிட்டதே என்று இருந்துவிட்டாள்.

பந்தல் காலியான பிறகு என் கணவர் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து காட்டினார். எங்கள் புரோகிராம் அதில் இரண்டு இருந்தது. ஒன்றுக்கு ஜன்னல் உண்டு, ஒன்றுக்கு இல்லை. நிறுத்து என்று சொன்னபோது சர்வர் தன்னிடம் பேசிக்கொண்டிருப்பவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறது. மலைமேல் திறந்திருந்த பக்கம் தானாகவே அடிக்கடி புதுப்பித்துக் கேட்டுக்கொண்டே இருந்தது, அது முடிக்கவே இல்லை. ஜன்னலை மூடினால் ஜன்னல்தான் போகும், சர்வர் போகாது. பழையது வாசலை விடவில்லை. புதியது, அதுவரை பதிவாகியிருந்த பட்டியலை எடுத்துக்கொண்டு, அடம் பிடிக்காமல் அடுத்த வாசலுக்குப் போனது. ஒன்றுக்கொன்று தெரியாமல் இரண்டும் தனித்தனிப் பட்டியலை வைத்துக்கொண்டு மத்தியானத்திலிருந்து ஓடியிருக்கின்றன.

"அந்த ஒரு வரி இல்லன்னா அப்பவே தப்பு காட்டியிருக்கும்" என்றார். பிறகு மெதுவாக, "இத யாருகிட்டயும் சொல்லாத" என்றார்.

நான் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

அடுத்த வாரம் கமிட்டிக் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கம்ப்யூட்டர் மூலமாக ஆந்திரா குழந்தை கிடைத்தது என்று செயலாளர் பேசினார். ஸ்டேஷன் சம்பவத்தை "வெளியூர் ஆட்கள் சிலர் அவசரப்பட்டுச் செய்தது" என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போனார். என் கணவர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்க முயன்றார். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி, மடிக்காமல், பீரோ மேல் வீசினார்.

அந்த நாட்களில் எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனது. அவர் சென்டருக்கு வருவார், பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார், வகுப்பை என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்வார். புரோகிராம் எழுதும் திரையைத் திறப்பதே இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "அந்தாளுக்கு எப்படி இருக்குதாம்?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

"போய்ப் பாத்தா தெரியும்" என்றேன்.

"போய் இன்னா சொல்றது? போர்ட் மாறிக்கிச்சுன்னா?"

"நடந்தத சொல்லலாம்."

"அடிச்சது நானா?" என்று தட்டைத் தள்ளினார். அடித்தது யார் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் சில நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, பள்ளிப்பட்டு பஸ்ஸு வந்துடும்" என்றார்.

ஊரைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அந்த மனிதர் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் கட்டு. நாங்கள் பேசப் பேச, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே கேட்டார். இடது காது சரியாகக் கேட்கவில்லை என்றார். குழந்தை எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டது. வெளியாட்களைக் கண்டால் இப்போதெல்லாம் அப்படித்தான் என்றார்.

என் கணவர் சொன்னார். வாசல், எண், நிற்காத சர்வர், இரண்டு பட்டியல் எல்லாவற்றையும். எப்போதும் யாருக்கும் புரியும்படி பேசுகிறவர், அன்று திக்கினார். காணாமல்போன குழந்தை மலைமேல் இருந்தது எங்களுக்கு முன்னமே தெரிந்திருந்தால் யாரும் ஸ்டேஷனுக்கு வந்திருக்க மாட்டார்கள், அது தன்னால்தான் என்று சொல்லி முடித்தார். அந்த மனிதர் தலையை ஆட்டினார். புரிந்து ஆட்டியதாக எனக்குப் படவில்லை.

கைக்குழந்தையோடு நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவிதான் பேசினாள்.

"போலீசுல கேட்டா, அந்தப் பொம்பள தம்பி சின்னப் பையன், அக்கா புள்ளய காணோம்னு புத்தி பேதலிச்சிட்டான்னு சொல்றாங்க. நீங்க வந்து, மிஷின் தப்பு, நான் எழுதினது தப்புன்னு சொல்றீங்க. அப்போ எங்க ஊட்டுக்காரர அடிச்சது யாருங்க? கை வச்சவங்க ஒருத்தருமே இல்லியா?"

கைக்குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்க மிஷினு, புள்ள இல்லன்னுதான சொல்லிச்சு? அடின்னு சொல்லலியே?"

அவள் எங்களை மன்னித்தாளா, எங்கள் வருத்தத்தைத் தூக்கி எறிந்தாளா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. மோர் கொடுத்தாள். குடித்தோம். பஸ்ஸுக்கு நடக்கும்போது இவர், "அவங்க சொல்றது நாயம்தான், ஆனா எனக்கு லேசாகல" என்றார். எனக்கும் லேசாகவில்லை. அவர் சொல்லிவிட்டார் என்பதில் மட்டும் ஒரு நிம்மதி இருந்தது.

செயலாளரிடமும் அவரே போய்ச் சொன்னார். செயலாளர் கடை வாசலில் அண்டாக்களைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "சாமி காரியத்துல நடந்தது, விடுங்க சார். அடுத்த வருஷம் நல்லா பண்ணிக்கலாம்" என்றார். அடுத்த வருஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும் இவர் அங்கிருந்து கிளம்பி வந்துவிட்டார். நான் செய்ய மாட்டேன் என்றார். கொஞ்ச மாதங்களில் சென்னையில் வேலை கிடைத்து, ஒத்துக்கொள்ளாத அதே மின்சார ரயிலில் போக ஆரம்பித்தார். அங்கேயும் கம்ப்யூட்டர்தான், ஆனால் புரோகிராம் எழுதும் வேலையில்லை. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

கமிட்டி என்னைக் கேட்டது. வேண்டாமென்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பழைய முறைக்குத் திரும்பினால் மைக்கில் மஞ்சள் சட்டை, மொட்டைத் தலை என்று கத்திக்கொண்டிருப்பார்கள், அதுவும் எந்தக் குழந்தையையும் சேர்க்காது. அவர் எழுதியதைத் திறந்து, அதுவரை நான் தொடாத உள்பகுதியைப் படிக்க ஆரம்பித்தேன். தொடங்குகிற பகுதி நாலு வரியில் முடிந்திருந்தது. நிறுத்துகிற பகுதியும் நாலு வரிதான். தொடங்குவதற்கு நாலு வரி போதும், நிறுத்துவதற்குப் போதாது என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. முதலில் புதிதாக யாரையும் உள்ளே விடாதே, இருப்பவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு, அதற்குப் பிறகும் விடவில்லையென்றால் அறுத்துவிடு, பட்டியலை எழுதி வை, வாசல் உண்மையிலேயே காலியாகிவிட்டதா என்று ஒருமுறை தட்டிப் பார். ஜன்னலை மூடினாலும் இதே வழியாகத்தான் போக வேண்டும். தொடங்கும்போது வாசல் காலியில்லையென்றால் வேறெங்கும் போகாதே, சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டு நில். அடுத்த எண்ணுக்குப் போகச் சொன்ன வரியை அழித்தேன். பல வாரம் பிடித்தது. எனக்குச் சொல்லித் தர ஆளில்லை, இருந்தவரைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் பைக்கில் மலைக்குப் போய் நேரில் பார்த்து வர வேண்டும் என்று கமிட்டியிடம் கேட்டுக்கொண்டேன். அப்புறம் கம்ப்யூட்டர் எதற்கு என்று ஒரு உறுப்பினர் சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை. ஆள் போட்டார்.

அடுத்த கிருத்திகைக்கு முதல் நாள் மாலை, சென்னையிலிருந்து திரும்பிய என் கணவர் மாடியேறி வந்து, நான் சோதித்துக்கொண்டிருப்பதைப் பின்னாலிருந்து பார்த்தார். கேட்காமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நிறுத்தும் பகுதியை மேலிருந்து கீழே படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்க மேல ஒருத்தன் பக்கத்த தொறந்து வச்சிகினே இருந்தா?" என்று கேட்டார்.

"அறுத்துடும்" என்றேன்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எனக்கு ஒருதபா காட்டு" என்றார்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வந்து, நிறுத்து பட்டனை அழுத்தினேன். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டன் மங்கியது. கீழே ரயிலிலிருந்து இறங்கிய முதல் காவடிக் கூட்டத்தின் மேளம் கேட்க ஆரம்பித்தது. ஓடும் புரோகிராம்களின் பட்டியலிலிருந்து எங்களுடையது மறைந்தது. அவர் அதன் பிறகும் அந்தப் பட்டியலை ஒவ்வொரு வரியாக, கடைசிவரை படித்துப் பார்த்தார்.